ஊறின ரொட்டி

"லெபனான் சாலட்னா ரொட்டி மொறுமொறுன்னு இருக்கணும். நீ ஒரு மணி நேரம் முன்னாடியே கலந்து சொதசொதன்னு ஆக்கிடுற. இன்னிக்கு நான் பண்றேன் பாரு!"

மனைவியைச் சமையலறையை விட்டு விரட்டாத குறையாக நகர்த்திவிட்டு, வெள்ளரியும் தக்காளியும் புதினாவும் நறுக்கினான். எலுமிச்சை பிழிந்தான். வாட்டிய ரொட்டியைப் பரிமாறும்போதுதான் நொறுக்கிப் போட்டான்.

"எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதம்டா!" அப்பா காலிக் கிண்ணத்தைக் காட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

கிண்ணத்தை எடுத்தான். அதற்குக் கீழே, மேஜைமேல், மடித்துவைத்த டிஷ்யூ பேப்பர். பிரித்தால், ரொட்டித் துண்டுகள் அத்தனையும் உள்ளே.

"என்னடி இது?"

"மாமாவுக்கு மூணு மாசமா கடைவாய்ப் பல்லு ஆடுது. கடிக்க முடியல. அதான் ஊறவெச்சுக் கொடுத்தேன். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டார்."

"ஏன்?"

"'பாவம், நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துட்டு வர்றான். வீட்டுலயுமா?'ன்னார்."

கைராசிக்காரர் என்று பேரெடுத்த அந்தப் பல் டாக்டருக்கு, கூடத்தில் இருக்கும் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.