டீக்கடையில் போட்ட டிக்

இருபது சைக்கிள்கள் கூட்டமாய் மலையிறங்கக் கிளம்பி நின்றன. கடைசிச் சைக்கிளின் பிரேக் கட்டை, கூட்டத் தலைவரின் சட்டைப்பையில் இருந்த பாதுகாப்புச் சோதனைக் காகிதத்தைக் கூப்பிட்டது.

"ஐயா, என் ரப்பர் தேஞ்சு போச்சு. வளைவுல என்னால நிறுத்த முடியாது. ஓட்டுற தமயந்திப் பொண்ணு விழுந்துரும்."

"போடா! டீக்கடையிலேயே எல்லாருக்கும் டிக் போட்டாச்சு. உனக்கு நேரா 'நல்ல நிலை'ன்னு எழுதியிருக்கு."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"தொட்டா நான் அழுக்காயிட மாட்டேனா?"

மூணாவது வளைவில் சைக்கிள் நிற்காமல் முள்ளுக்குள் பாய்ந்தது. தமயந்தியின் நெற்றி கிழிந்தது.

முதலுதவிப் பெட்டிக்கும் டிக் இருந்தது, பெட்டிதான் இல்லை. தலைவர் பதறிப்போய், கைக்கு அகப்பட்ட காகிதத்தாலேயே ரத்தத்தைத் துடைத்தார்.

"மெதுவாய்யா, டிக் அழியுது!" என்று அலறியது காகிதம்.