வாசலில் பூத்த செடி

பாண்டியன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்ததும், விஜயா ஓடிவந்து வாசல் செடியை மறித்து நின்றாள்.

“வெட்டாதீங்க! அரிசி கழுவுன தண்ணி ஊத்தி வளத்தது. இப்பத்தான் பூத்திருக்குது.”

“செடிய பூக்க உடாம வெட்டற கவாத்துக்காரன் ஊட்டு வாசல்ல இது பூத்து நின்னா, பாக்கறவங்க சிரிப்பாங்க புள்ள.”

“சிரிக்கட்டுமுங்க. மொதல்ல மோந்து பாருங்க.”

அரைமனதாகக் குனிந்தான். வெள்ளைப் பூவின் மெல்லிய மணம் அவனை நிமிரவிடவில்லை.

“இத்தன வருசம் வெட்டியும் இந்த வாசம் தெரியாமப் போச்சே!”

“பூக்க உட்டாத்தானுங்க தெரியும்? கொழுந்துக்கு வெலையில்லைன்னு எஸ்டேட்டைப் பூட்டி நமக்கு லீவு குடுத்துட்டாங்க. இந்தத் தேயிலைச்செடிக்கும் கொஞ்ச நாள் லீவு குடுத்தா என்னங்க?”

பாண்டியன் கத்தியைக் கூரையில் செருகிய கையோடு, ஒரு பூவைப் பறித்து அவள் கொண்டையிலும் செருகினான்.