கேசரித் தேர்வு

கோதுமை ஆகாதவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் வைரஸும் இருக்கலாம் என்றது ஆய்வு. ‘இருக்கலாம்’ என்பதைச் சம்பந்திகள் படிக்கவில்லை. ஆகவே பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை, உணவைச் சோதித்து வாய்விட்டுச் சொல்லும் தட்டில் வைத்த கோதுமை ரவா கேசரியைத் தின்று காட்ட வேண்டும்.

நவநீதனுக்குக் கோதுமை ஆகாது. அதை மறைத்துத்தான் வந்திருந்தான்.

“சாப்பிடுங்க மாப்ளே, பொண்ணு கிண்டினது,” என்றார் பெண்ணின் அப்பா.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். தட்டு அறிவித்தது: “கேசரியில் கோதுமை இல்லை.”

எல்லோரும் கேசரி கிண்டிய பெண் கயல்விழியைப் பார்த்தார்கள்.

“அரிசி ரவைங்க. எனக்குக் கோதுமை ஆகாது,” என்றாள்.

“எனக்குந்தாங்க! இன்னொரு கரண்டி வைங்க,” என்றான் நவநீதன்.

உடனே தட்டு இருவருக்கும் கல்லீரல் பரிசோதனைக்கு நேரம் ஒதுக்கியது: வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை.

பெண்ணின் அம்மா காலண்டரைப் பார்த்தாள். “நல்ல நேரந்தான்.”