கழுவிய தொட்டி

வெளிக்காற்றே புகாமல் அடைத்த கண்ணாடி வீட்டில் வெள்ளை விளக்குகள் எரிகின்றன. அடுக்கடுக்காக நிற்கும் கீரைச் செடிகளின் அடியிலைகள் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. உள்ளே இருக்கும் அக்காவும் தம்பியும் மூச்சுவிடுவது இந்தச் செடிகளை நம்பித்தான். செடிகள் பிழைப்பது தொட்டியில் வாழும் நுண்ணுயிர்களை நம்பி. இவர்களுடைய கழிவுநீரை உரமாக்கித் தருபவை அவைதாம். அக்கா தொட்டிக்குள் கைவிட்டு ஒரு கூழாங்கல்லை எடுக்கிறாள். வழவழவென்று ஒட்டியிருந்த படலத்தைக் காணோம். முகர்ந்தால் மண்வாசம் இல்லை, துடைத்த தரையின் வாடை அடிக்கிறது.

"தொட்டியில என்னடா ஊத்தினே?"

"நாத்தம் அடிச்சுதுக்கா. நாலு நாள் முன்னாடி நீ அசந்து தூங்கிட்டிருந்தே. சுத்தமா இருக்கட்டுமேன்னு கிருமிநாசினி போட்டுக் கழுவினேன்."

திட்ட வாயெடுத்தவள் அவன் கையைப் பார்க்கிறாள். தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. கூழாங்கல்லைத் திரும்பத் தொட்டிக்குள் போடுகிறாள். சுவரில், உயிர்வளி குறைந்தால் எச்சரிக்கும் காற்றுமானியின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. அவளுக்குத் தலை கனக்கிறது.

"மறுபடி வளத்துடலாம்லக்கா?"

"வளரும்டா. அதுவரைக்கும் நமக்கு மூச்சு வேணுமே."

கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பொறியாளர் கதவைக் காட்டி, திறக்கட்டுமா என்று சைகையில் கேட்கிறார். திறந்தால், வெளிக்காற்று இல்லாமலே வாழ்ந்துகாட்ட இத்தனை வருஷமாக அவள் உயிரைக் கொடுத்து நடத்திய சோதனை அத்தோடு முடிந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறான். அவள் சரியென்று தலையாட்டுகிறாள். கதவின் ரப்பர் விளிம்பு பிளந்து காற்று சர்ரென்று உள்ளே வருகிறது. பழுத்த இலைகள் அசைகின்றன. வேண்டாம், வேண்டாம் என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்க, நெஞ்சு தன்பாட்டுக்கு விரிந்து அந்தக் காற்றை ஆசையாய் இழுத்துக்கொள்கிறது.