அவர் பாத்துக்குவார்

ஜோசலினின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துபோய், இயற்பியல் கேள்வி ஒன்றுக்கு 'சி' என்று விடை போட்டது.

அவள் மௌஸைப் பார்த்தாள். அது மேஜைமேல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது.

முதலில் ஏசியின் அதிர்வு என்றுதான் நினைத்தாள். பெருங்களத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில், ஏசி போடுகிற சத்தத்துக்குக் கட்டடமே நகர்ந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் ஏசிக்கு இயற்பியல் தெரியாது. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். 'சி' சரியான விடை.

நம்மைப் போன்றவர்களாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்திருப்போம். ஜோசலின் அப்படி வளர்ந்தவள் இல்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால், இறங்கின பிறகும் பஸ்ஸைத் துரத்திப்போய்க் காசு கொடுக்கிற தேவானந்தம் வாத்தியாரின் மகள்.

போன வருஷம் இதே நுழைவுத்தேர்வில் மார்க் போதாமல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டின் மாடியறையில் ஒரு வருஷம் அடைந்துகிடந்து படித்துவிட்டு வந்திருக்கிறாள். இன்னொரு வருஷத்தைக் கேட்க அவளுக்கும் வாயில்லை, கொடுக்க வீட்டுக்கும் வசதியில்லை.

கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வேதாசலம் வந்தார்.

"சார், மௌஸ் தானா நகருது."

அவர் குனிந்து பார்த்தார். அம்புக்குறி அசையவில்லை. மௌஸைத் தட்டினார், தூக்கி அடியில் பார்த்தார், வைத்தார்.

"இன்னாம்மா, நைட்டு தூங்குனியா இல்லியா?"

பக்கத்துப் பிள்ளைகள் திரும்பினார்கள். இன்னொரு தரம் கையைத் தூக்கினால் பெயரை மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வரும், இப்போதெல்லாம் அவர்கள் முதலில் சந்தேகப்படுவது பிள்ளையைத்தான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார். மிரட்டவில்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்.

அவர் முதுகு திரும்பியதும் அம்புக்குறி அடுத்த கேள்விக்குப் போனது. 'ஏ' என்றது. அதற்கடுத்து 'டி'. நிதானமாக, அவசரமே இல்லாமல் போட்டுக்கொண்டே போனது.

எங்கேயோ உட்கார்ந்துகொண்டு யாரோ அவளுடைய பரீட்சையை எழுதுகிறார்கள். கண்டுபிடித்தால் மாட்டப்போவது அந்த யாரோ இல்லை, இந்த நாற்காலியில் இருப்பவள். அப்புறம் எந்தப் பரீட்சைக்கும் உள்ளே விடமாட்டார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் எப்படித் தலைகாட்டுவார்?

காலையில் கேட் வரைக்கும் வந்து, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டு அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. "டென்ஷன் ஆகாத பாப்பா. நீ சும்மா உக்காரு, போதும். அவர் பாத்துக்குவார்."

அவர்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் 'அவர்' என்றால் ஒருவர்தான். ஆனால் அவர் இன்டர்நெட் வழியாகவும் வருவார் என்று சண்டே ஸ்கூலில் யாரும் சொல்லித்தந்ததில்லை.

'ஆண்டவரே, இது நீர் இல்லைதானே' என்று உதட்டுக்குள் கேட்டுக்கொண்டு மௌஸை இறுக்கிப் பிடித்தாள்.

அம்புக்குறி ஒரு பக்கம் இழுத்தது, அவள் ஒரு பக்கம் இழுத்தாள். அது போட்டிருந்த விடைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வெள்ளைத்தாளில் தானே கணக்குப் போட்டு, தனக்கு வந்த விடையை மட்டும் வைத்தாள். தெரியாத கேள்விகளில் அது போட்டுவைத்திருந்ததை அழித்துவிட்டு அப்படியே காலியாக விட்டாள். அவை எல்லாமே சரியான விடைகளாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அழித்தாள்.

கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கை களைத்துவிட்டது போலிருந்தது. அம்புக்குறி அவள் பிடியையும் மீறி இடமும் வலமுமாக ஆடியது. யாரோ தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்பது போல.

ஜோசலின் 'சப்மிட்'டை அழுத்தினாள்.

வெளியே புங்கமர நிழலில், மற்ற அப்பா அம்மாக்களிடமிருந்து தள்ளி நின்று தேவானந்தம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். மௌஸ் தானாக நகர்ந்தது, வேதாசலம் நம்பாமல் போனது, தான் விடாமல் போராடியது.

"ஒண்ணு விடாம அழிச்சிட்டேன்ப்பா. இப்ப அதுல இருக்கறது நான் போட்டது மட்டுந்தான். மார்க் கம்மியா வந்தாலும் பரவால்ல. வாங்கப்பா, உள்ள போய் கம்ப்ளைன்ட் குடுக்கலாம்."

கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அடித்தொண்டையில் கேட்டார்.

"நீ எதுக்கு பாப்பா மௌஸத் தொட்ட?"