வயரை அறுத்த காற்றுமானி

ஒரு துறைமுகத்தில், கம்பத்தின் உச்சியில் ஒரு காற்றுமானி இருந்தது. மூன்று கிண்ணங்களையும் சுழற்றி அது காற்றை அளக்கும். கீழே படகுத்துறையில் நின்ற எண்பலகை வேகத்தைக் காட்டும். தெற்கே ஐஸ் ஃபேக்டரிச் சுவர் எழும்பிய பிறகு, எவ்வளவு பெரிய தென்காற்றும் காற்றுமானியிடம் விசிறிக் காற்றாகத்தான் வந்து சேர்ந்தது.

முந்தின நாள் பலகை வெறும் 'எட்டு' என்றதை நம்பிக் கடலுக்குப் போன பவளக்கொடி என்ற படகு, விலா பிளந்து திரும்பியது. காற்றுமானிக்கு மனசே ஆறவில்லை.

"இன்னைக்கு எண் போடாதே. எனக்குத் தென்காற்று தெரியவே மாட்டேங்குது" என்றது பலகையிடம்.

"எண் இல்லாத பலகையை எவன் நிமிர்ந்து பார்ப்பான்? பேசாம சுத்து."

"சுத்த மாட்டேன்."

காற்றுமானி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பலகை சிரித்துக்கொண்டே 'பூஜ்யம்' காட்டியது. காற்றே இல்லை என்று படகுகள் குஷியாகக் கயிற்றை அவிழ்த்தன.

காற்றுமானிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பலகைக்குப் போகும் வயரைக் கிண்ணங்களில் சுற்றி இழுத்தது.

"அடப்பாவி, அது அறுந்தா உன்னைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க!" என்று பலகை அலறியது.

"போடட்டும்!"

வயர் அறுந்தது. பலகை இருண்டது.

பார்ப்பதற்கு எண் இல்லாததால், படகுகள் முகத்துவாரத்துக்கு அப்பால் பார்த்தன. கடல் முழுக்க வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டன.

மறுநாள் ஒருவன் ஸ்பேனரும் புது வயருமாகக் கம்பத்தில் ஏறினான்.

"என்னை அந்தச் சுவரைவிட உயரத்துல தூக்கி வை" என்றது காற்றுமானி. "இல்லேன்னா புது வயரையும் அறுப்பேன்."