கடைச் சந்துக் கிடா

"ஒரே வெடிதானுங்க. இன்னிக்கே இதோட கதை முடிஞ்சுரோணும்!"

சின்னண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னான். முதல் நாள் சாயங்காலம் ஆட்டுக்கிடா முட்டியதில் அவனால் இன்னும் நிமிர முடியவில்லை.

தங்கமுத்து தோளிலிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை இறக்கினார். பட்டாளத்திலிருந்து வந்தபின், ராசிபுரத்தில் ஒரு வங்கிக்குக் காவல் நிற்பவர். ஊருக்குள் வெறிநாய் நுழைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குக் குறி தப்பியதில்லை. கை நடுங்கியதும் இல்லை.

"எங்கேப்பா அந்தச் சண்டியரு?"

"அதா, சந்து வாயில நிக்குது பாருங்க."

கருகருவென்று, கன்றுக்குட்டி உயரத்தில், முறுக்கிய கொம்போடு நின்றது கிடா. தங்கமுத்து சந்தை நோக்கி ஓர் எட்டு வைத்துப் பார்த்தார். அது தலையைத் தாழ்த்திக் காலால் மண்ணைப் பறித்தது. எட்டைப் பின்னுக்கு வாங்கினார். உடனே அது கோபத்தை விட்டுவிட்டு அசைபோட ஆரம்பித்தது.

"காவலுக்கு நிக்கற சென்ட்ரி மாதிரியல்ல நிக்குது!" என்று வியந்தார். "சரி, யாரையெல்லாம் முட்டியிருக்குது?"

ஏழெட்டு ஆண்கள் கையைத் தூக்கினார்கள். தூக்க முடியாதவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"பொம்பளைங்க, கொழந்தைங்க?"

குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். "எங்களை ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா. பழத்தோலு குடுத்தா வாங்கித் தின்னுட்டுப் போயிரும். நாங்கதான் அந்தச் சந்துக்குள்ள போறதில்லீங்களே!"

"ஏன், சந்துக்குள்ளார என்ன இருக்குது?"

சின்னண்ணன் வானத்தைப் பார்த்தான். "ஒரு கடைங்க."

"என்ன கடை?"

"கவர்மென்ட்டு கடைங்க."

"ரேசன் கடையா?"

"இது... கார்டு கேக்காத கடைங்க."

குழாயடியில் ஒரு குடம் சிரிப்பில் நழுவிக் கீழே விழுந்தது.

அப்போதுதான் மில் வேலை முடிந்து வந்த சித்ரா, கையிலிருந்த சோற்றுத் தூக்குப்போசியைக் கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தாள். கிடா அவளுடையது.

"அண்ணா, வேண்டாமுங்க! தாயில்லாத குட்டியைப் புட்டிப்பால் குடுத்து வளத்தேனுங்க. போன மாசம் வரைக்கும் பூனையாட்டம் இருந்துச்சு."

"கட்டிப் போடக் கூடாதா அம்மிணி?"

"இறுக்கித்தானுங்க கட்டிட்டுப் போறேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள இங்க வந்து நின்னுக்குது. ஆரு அவுத்து விடறாங்கன்னே தெரியலீங்க."

தங்கமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. குரலைத் தணித்தார்.

"உன்ற புருசன் பூபதியும் அந்தக் கடைக்குப் போறவன்தான? முட்டப் பழக்குனது நீதான? சொல்லீரு, கோவிச்சுக்க மாட்டேன்."

"மாரியாத்தா மேல சத்தியமுங்க, நானில்லை. இந்த வித்தை தெரிஞ்சிருந்தா கல்யாணமான வருசமே பழக்கியிருப்பேனுங்க!" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஆனா இது முட்ட ஆரம்பிச்சதிலிருந்து அவரு பொழுதோட ஊட்டுக்கு வந்துர்றாருங்க. புள்ளைகளோட உக்காந்து சோறு திங்கறாரு. இதைச் சுட்டுட்டீங்கன்னா, என்ற ஊடு மறுக்காவும் பழையபடி ஆயிருமுங்க."

அவள் கண்ணில் பொய் இல்லை.

"கதை பேசிட்டிருந்தா பொழுது போயிருமுங்க," என்று சின்னண்ணன் அவசரப்பட்டான்.

"கொஞ்சம் பொறப்பா. சோறு போட்டு வளத்தவங்க சம்மதமில்லாம ஒரு உசுரை எடுக்கறது பாவம். சாமி பாத்துக்கிட்டிருக்குது. பட்டாளத்துலயே உத்தரவு இல்லாம நான் சுட்டவனில்லை."

"நான் சம்மதிக்க மாட்டேன்!" சித்ரா ஓடிப்போய்க் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஊரையே கதிகலக்கிய சண்டியர் அவள் கன்னத்தை நக்கியது.

"அவ அப்படித்தான் சொல்லுவா," என்றான் சின்னண்ணன். "பூபதியைக் கேளுங்க. அவனும் ஆட்டுக்காரன்தான? எங்களை ஏதோ ஒருக்கா, ரெண்டுக்கா முட்டுச்சு. அவனைத் தெனமும் பொரட்டி எடுக்குது. எங்களை உடுங்க, அவன் சொல்லட்டும்!"

கூட்டம் விலகியது. பின்னால் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான் பூபதி, போர் போடும் ரிக் லாரியின் டிரைவர். முழங்காலில் கட்டு. நெற்றியில் பிளாஸ்திரி. ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

சித்ரா கண்களை மூடிக்கொண்டாள். சந்துக்குள் போக வழியில்லாத ஆத்திரத்தில் அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியாதா? கிடாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, "ஆத்தா, மாரியாத்தா" என்று முணுமுணுத்தாள்.

"இங்க வா பூபதி," என்றார் தங்கமுத்து. "அடி வாங்குனவனும் நீ, ஆட்டுக்காரனும் நீ. நீ சுடுன்னா சுடறேன். வேண்டாம்னா, இனி இதுமேல ஒருத்தன் கல்லெடுத்தாலும் எங்கிட்டப் பதில் சொல்லோணும். சொல்லப்பா."

பூபதி எழுந்தான். நொண்டி நொண்டி வந்தான். கிடாயைப் பார்த்தான். அதைக் கட்டிக்கொண்டு நடுங்கும் மனைவியைப் பார்த்தான். பிறகு துப்பாக்கிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

"வேண்டாமுங்கண்ணா. உங்களையெல்லாம் முட்டுனதுக்கு என்னை மன்னிச்சுக்கோங்க. கோயில் கோயிலாச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியும் என்ற காலு இந்தச் சந்துக்கு வர்றதை நிறுத்தலீங்க," என்றவன், தலைகுனிந்து சொன்னான்: "அதான், என்னை மறிக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்னு, தெனமும் கட்டை அவுத்து உட்டு, இதை முட்டப் பழக்குனதே நாந்தானுங்க."